ஹோல்ட் என்ற சொல்லும் மாடம்பாக்கத்து பி.பி. காலும்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே நான் ஒரு மனுஷரைத் தொலைத்தேன். தெருவில் இல்லை, லைனில்.

எண்பதுகளின் தொடக்கம் அது. வெளியூருக்கு நாமே டயல் செய்யும் எஸ்.டி.டி. எல்லா ஊருக்கும் வந்திருக்கவில்லை. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு, மணி எப்போது அடிக்கும் என்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தாம்பரத்தில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் வெளியூர்களுக்கும் நடுவே நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் இருந்தோம். எங்கள் முன்னால் ஒரு நீளமான போர்டு. அதில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி விளக்கு. விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார் என்று பொருள். முனையில் பிளக் வைத்த வயரை எடுத்து ஒரு ஓட்டையில் சொருகி, ஜோடி வயரை இன்னொரு ஓட்டையில் சொருகினால் இரண்டு ஊர் பேசும். அந்த வயருக்குப் பெயர் கார்டு. நடுவில் இருக்கும் கீயைத் திறந்தால் நாங்களும் அதில் பேசலாம், கேட்கலாம். மூடினால் அவர்கள் பாடு.

நான் பெருங்களத்தூர்க்காரி. பெயர் ரெஜினா. அப்பா ரயில்வேயில் கலாசி. வீட்டில் போன் கிடையாது. போனைக் கையால் தொட்டதே இந்த வேலைக்கான டிரெயினிங்கில்தான். அந்த முதல் நாளில் திருநெல்வேலிக்கு புக் பண்ணியிருந்த ஒரு வாத்தியாரிடம், "ஹோல்ட் பண்ணுங்க சார்" என்றேன். அதற்குள் இன்னொரு விளக்கு எரிந்தது. பிறகு இன்னொன்று. எல்லாவற்றையும் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தால் வாத்தியாரைக் காணவில்லை. லைனில் யாருமே இல்லை என்று நினைத்து அவர் வைத்துவிட்டார். அவர் வைத்த பிறகு திருநெல்வேலி கிடைத்தது, கிடைத்துப் போயும் விட்டது. மறுபடி கிடைக்க சாயங்காலம் ஆகும். அவரே கூப்பிட்டு, "கிணத்துல போட்ட கல்லு மாதிரி உக்கார வெச்சிட்டியேம்மா" என்றார். திட்டக்கூட இல்லை. அதுதான் உறைத்தது.

எங்கள் மானிட்டர் மிஸஸ் ஐரீன். மானிட்டர் என்றால் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே எல்லா விளக்கையும் பார்ப்பவர். பல்லாவரத்திலிருந்து வரும் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ஸ்கர்ட்டும் கறுப்பு ஷூவும் போட்டிருப்பார். ஷூ சத்தம் நின்றால் யாருக்கோ அர்ச்சனை என்று அர்த்தம். அன்றைக்கு என் பின்னால் நின்றது.

"நீ அவர்கிட்ட ஹோல்டுன்னு சொன்னே. யார் ஹோல்ட் பண்ணது?" என்று கேட்டார்.

"அவர்தான் மேடம்."

"அவர் சும்மா போனைக் கையில வெச்சிருந்தார், சைல்ட். ஹோல்ட் பண்ண வேண்டியது நீ."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரிசீவர் அவர் கையில் இருக்கிறது, நான் எப்படிப் பிடிப்பதாம் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்க முதல் நாளில் தைரியம் ஏது? அதன் பிறகு மிஸஸ் ஐரீன் எனக்குப் பழக்கிய முறை இதுதான். ஒருவரை ஹோல்ட் பண்ணச் சொல்லிவிட்டால் அவர் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. வேறு எத்தனை வேலை இருந்தாலும் அவ்வப்போது கீயைத் திறந்து, "இருக்கீங்களா சார், பார்த்துட்டே இருக்கோம்" என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். ஒரே நிமிஷம் என்று பொய் சொல்லக் கூடாது. கிடைக்காது என்று தெரிந்தால் கிடைக்காது என்று சொல்லி விடுவித்துவிட வேண்டும். இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. ஆனால் விளக்குகள் மொத்தமாக எரியும்போது இதைச் செய்து பார்த்தால் தெரியும்.

2. ஊர் பேசிய ஹோல்ட்

தாம்பரத்துக்காரர்கள் ஹோல்ட் என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கற்றதாக எனக்குத் தோன்றவில்லை. போனில்தான் கற்றார்கள். கற்றவுடன் தங்கள் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டார்கள். "ஓல்டான்ல கீறேன்" என்பார் ஒருவர். "கொஞ்சம் ஓல்டு பண்ணிக்கினு இரும்மா, பால் பொங்குது" என்று என்னையே ஹோல்டில் போடுவார் ஒரு அம்மாள். சேலையூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஒருவர், கால் புக் பண்ணிவிட்டுக் கணக்குப்பிள்ளையைப் போன் முன்னால் உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். ஊர் கிடைத்து நான் கூப்பிட்டால், "மொதலாளி சாப்புடறாரு, அவருக்குப் பதிலா நான் ஹோல்ட் பண்ணிக்கினு கீறேன்" என்று கணக்குப்பிள்ளை பெருமையாகச் சொல்வார். ஒரு கட்டத்தில் தமிழில் சொல்லுங்கள் என்று மேலிருந்து சொன்னார்கள். நானும் மறுநாள் காலை ஒருவரிடம், "தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருங்கள்" என்றேன். "இன்னாம்மா, கல்யாணப் பத்திரிகை படிக்கிறியா?" என்று கேட்டார். அதோடு ஹோல்டுக்கே திரும்பிவிட்டேன்.

இலாகா பரீட்சை ஒன்று எழுத வேண்டியிருந்தது. அதில் ஆங்கிலத் தாள் உண்டு. அதற்காக நூலகத்தில் தடித்த அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தினமும் நூறு தடவை சொல்லும் இந்தச் சொல்லுக்கு என்ன போட்டிருக்கிறான் என்று பார்க்கலாமென்று தோன்றியது. பார்த்தால் முடியவே இல்லை. கூட்டம் நடத்தினால் ஹோல்ட். பதவியில் இருந்தால் ஹோல்ட். மூச்சை அடக்கினால் ஹோல்ட், ஒரு குடம் இத்தனை தண்ணீர் கொள்ளும் என்றாலும் ஹோல்ட். தர வேண்டியதைத் தராமல் வைத்துக்கொண்டால் வித்ஹோல்ட், விழாமல் தாங்கினால் அப்ஹோல்ட். தமிழில் பிடி, வை, கொள், தாங்கு, அடக்கு, நடத்து என்று ஆறேழு பேர் செய்கிற வேலையை அது ஒண்டியாகச் செய்கிறது.

பத்தியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அதன் வேரைக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கும் முந்தைய ஜெர்மானிய மொழியில் அதற்கு ஆடு மாடுகளைக் காத்து மேய்ப்பது என்றுதான் அர்த்தம் இருந்ததாம். கையால் பிடிப்பதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மாடு மேய்ப்பவர் மாட்டைப் பிடித்துக்கொண்டா நிற்கிறார்? அது பாட்டுக்கு மேய்கிறது, அவர் கண் அதன்மேல் இருக்கிறது. மறுநாள் மிஸஸ் ஐரீனிடம் உற்சாகமாகச் சொன்னேன். "எல்லாம் சரி, உன் மூணாவது விளக்கு எரியுது பார்" என்றார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு தெருவில் ஒரு போன் இருந்தால் அதிகம். போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து அருகில் பி.பி. என்று எழுதுவார்கள். பர்டிகுலர் பர்சன், அதாவது குறிப்பிட்ட இன்னாரைக் கூப்பிடுங்கள் என்று பொருள். பி.பி. கால் வந்தால் போன்காரர் வீட்டிலிருந்து யாராவது போய் அந்த ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆள் வந்து சேரும்வரை ரிசீவர் மேஜையில் கிடக்கும், லைன் எங்கள் பொறுப்பில் இருக்கும். வெளியூரில் காத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்கு எல்லாம் கேட்கும். யார் வீட்டில் கால் வந்தால் உடனே ஓடுவார்கள், யார் வீட்டில் முணுமுணுப்பார்கள் என்று முகமே பார்க்காமல் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

3. மாடம்பாக்கம்

மாடம்பாக்கத்தில் ஒரு போன் மில்காரர் வீட்டில் இருந்தது. பரம்பரையாக அந்த ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பம். நெல் மில் வைத்தார், பிறகு மனை போட்டு விற்றார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கூலி வேலை செய்பவர்கள், வெளியூருக்கு வெல்டிங், சென்ட்ரிங் என்று போனவர்களின் குடும்பங்கள் அங்கே இருந்தன. அந்தச் சந்துக்கே அவர் போன்தான் பி.பி. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார். அப்புறம் சந்துக்குப் போகும் குறுக்குவழியை அவர் வேலி போட்டு அடைத்தார், சந்துக்காரர்கள் தாலுகா ஆபீசில் புகார் கொடுத்தார்கள். அதிலிருந்து யாருக்குக் கால் வந்தாலும், "ஆள் இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவார். போன் அவருடையது. அவரை நாங்கள் என்ன செய்ய முடியும்?

சித்திரை மாதம், உச்சிவெயில் நேரம். பம்பாய் கூப்பிட்டாள். ஆபரேட்டர்கள் நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பேரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவள் எனக்குப் பம்பாய், நான் அவளுக்குத் தாம்பரம். மாடம்பாக்கத்துக்கு பி.பி. கால், ஆஸ்பத்திரியிலிருந்து, அர்ஜென்ட் என்றாள். கீயைத் திறந்ததும் ஒரு ஆணின் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"யம்மா, எம் பேரு தேவராஜு. எம் பொண்டாட்டி வள்ளியம்மா. மில்காரர் வூட்டாண்ட சொன்னா கூட்டியாருவாங்க. சாரத்துலேந்து வுழுந்துட்டேன். ஆபரேசனுக்கு இட்டுனு போவப் போறாங்க. அதுக்கு மின்ன அவளாண்ட ஒரு வார்த்தை பேசணும்."

படுக்கையில் கிடந்தவர் காதில் அவர் வேலை பார்த்த இடத்து மேஸ்திரி ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. வண்டி வந்து அவரைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரைதான் நேரம்.

மில்காரர் நம்பரைப் போட்டேன். அவரே எடுத்தார். வள்ளியம்மாவுக்குப் பம்பாய் ஆஸ்பத்திரியிலிருந்து கால், ரொம்ப அவசரம், உடனே ஆள் அனுப்புங்கள் என்று சொன்னேன்.

"ஹோல்ட் பண்ணு" என்றார். ரிசீவர் மர மேஜையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

எனக்கு நிம்மதி. ஆள் இல்லை என்று சொல்லாமல் விட்டாரே. தேவராஜிடம், "கூப்பிடப் போயிருக்காங்க, லைன்லயே இருங்க" என்றேன். பிறகு மில்காரர் பக்கம் காதைக் கொடுத்தேன். ஆள் அனுப்பினால் அதற்கென்று ஒரு சத்தம் உண்டு. யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், செருப்பு தேயும், கேட் திறக்கும். அங்கே மின்விசிறி சுற்றியது. ரேடியோ பாடியது. தட்டில் ஏதோ போட்டார்கள். "மோர் கொண்டா" என்று மில்காரர் சொன்னது தெளிவாகக் கேட்டது. மனுஷன் யாரையும் அனுப்பவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

கத்திப் பார்த்தேன். மேஜைமேல் கிடக்கும் ரிசீவருக்குள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? எடுத்து வைத்த போனுக்கு மணியும் அடிக்க முடியாது. அந்தத் தெருவுக்கு இருந்த ஒரே வழி அது. அதை ஹோல்ட் என்ற ஒரே சொல்லால் அவர் அடைத்துவிட்டார். ஆள் இல்லை என்று வைத்திருந்தால்கூட நான் வேறு வழி பார்த்திருப்பேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் இதை எழுதும்போது வருகிறது.

பம்பாய் நடுவில் வந்து, "பார்ட்டி வருகிறாளா இல்லையா, லைனை விட்டுவிடவா?" என்று கேட்டாள். அவளுக்கும் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓகே தாம்பரம், நானும் ஹோல்ட் பண்றேன்" என்றாள் ஆங்கிலத்தில். அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவளை மறக்கவில்லை.

ஷூ சத்தம் என் பின்னால் வந்து நின்றது. ஒரு கார்டு இவ்வளவு நேரமாக ஏன் சும்மா நிற்கிறது என்று மிஸஸ் ஐரீன் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். தன் ஹெட்செட்டை என் போர்டில் சொருகி அவரும் கேட்டார். மின்விசிறி, ரேடியோ, தட்டுச் சத்தம்.

"இன்னிக்கு மாடம்பாக்கத்துல லைன்மேன் யாரு?" என்று மட்டும் கேட்டார்.

பழுதுகளைக் கவனிக்கும் டெஸ்ட் டெஸ்க்கில் விசாரித்தேன். பழுது பார்க்கப் போகும் லைன்மேன்கள் தோளில் ஒரு டெஸ்ட் போன் வைத்திருப்பார்கள். கம்பத்திலிருக்கும் பெட்டியைத் திறந்து அதன் இரண்டு கிளிப்பை எந்த லைனில் மாட்டினாலும் அந்த லைனில் பேசலாம். அன்றைக்குக் கோதண்டம் அண்ணன் மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு பழுதில் இருந்தார். நல்ல வேளையாக அப்போதுதான் டெஸ்ட் டெஸ்க்கைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"மில்காரர் லைன் போற கம்பத்துக்கு அவரைப் போகச் சொல். அந்த லேடியைக் கூட்டி வந்து, அங்கேயே கிளிப் பண்ணிப் பேச வைக்கட்டும்" என்றார் மிஸஸ் ஐரீன். மில்காரர் போன் எடுத்த நிலையிலேயே இருப்பதால் லைன் திறந்துதான் இருக்கிறது. அதில் இன்னொரு போனை மாட்டினால் போதும்.

"ரூல்ல இடம் இல்லையே மேடம்" என்றேன்.

"ரூல் என்கிட்ட வந்து கேக்கட்டும்."

கோதண்டம் அண்ணனிடம் சொன்னேன். "அந்த சந்து முனை கம்பம்தான். வள்ளியம்மா வூடும் அங்கதான் கீது. தோ போறேன்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

ஏரியிலிருந்து அந்தச் சந்துக்கு வெயிலில் சைக்கிள் மிதித்து வர வேண்டும். அதுவரை தேவராஜை நான் வைத்திருக்க வேண்டும். என் மற்ற விளக்குகளையெல்லாம் மிஸஸ் ஐரீன் பக்கத்து போர்டிலிருந்து நின்றுகொண்டே எடுத்தார். தாமதமானதற்கு ஒரு வியாபாரி அவரைத் தாறுமாறாகப் பேசியதும் என் காதில் விழுந்தது. நான் கீயைத் திறந்தேன்.

"வந்துகினு கீறாளா?" என்று கேட்டார் தேவராஜ்.

"ஆள் போயிருக்காரு. கண்டிப்பா கூட்டிட்டு வருவாரு" என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

"உங்க பேரு இன்னா?"

பெயர் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. சொன்னேன்.

"ரெஜினாக்கா, அவ வர்ற வரிக்கும் எதுனா பேசிக்கினே இருங்க. மேஸ்திரிக்குத் தெலுங்குதான் தெரியும். இங்க ஒருத்தனுக்கும் நம்ம பாசை வரல."

பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாமலே பேசினேன். தாம்பரத்து வெயிலைப் பற்றி, மார்க்கெட்டைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி. அவரும் வலிக்கு நடுவே அவ்வப்போது ஏதோ சொன்னார். அவருக்கு மூச்சு சிரமப்பட்டால் நிறுத்துவேன், பேச்சில்லாமல் போனால் மறுபடி ஆரம்பிப்பேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒரு அந்நிய ஆணிடம் பேசியது அன்றைக்குத்தான்.

லைனில் ஒரு கரகரப்பு. பிறகு வெளிக்காற்றுச் சத்தம், காக்கை கத்தல். "யம்மா, கோதண்டம். கூட்டாந்துட்டேன்" என்ற குரல். "இதுல பேசும்மா, இப்டி காதுல வெச்சுக்கோ" என்று பக்கத்தில் யாருக்கோ சொல்வது கேட்டது.

"இன்னாங்க, நாந்தான்" என்றாள் ஒரு பெண்.

பேச்சு தொடங்கியதும் கீயை மூடிவிட வேண்டும். கம்பத்தில் மாட்டிய லைன் எந்த நேரமும் அறுந்துபோகலாம் என்று நான் மூடவில்லை. அவர் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றாள். பிறகு விழுந்ததைச் சொன்னார், ஆபரேஷனைச் சொன்னார். நான் கிளம்பி வருகிறேன் என்றாள். எங்கே வருவாய், வந்து சேரவே ஒரு நாளுக்குமேல் ஆகும் என்றார். "அப்ப வெச்சிடாதீங்க, பேசிக்கினே இருங்க" என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்து மில்காரர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்திருக்க வேண்டும். ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது. "ஆள் இல்ல, வெச்சிடு" என்றார். சொன்ன பிறகுதான் லைனில் பேச்சுக் குரல் இருப்பது அவருக்குப் புரிந்தது. "யாரு அது?" என்றார்.

பம்பாயிலிருந்து தேவராஜ்தான் பேசினார்.

"மொதலாளி, நான் தேவராஜு. இந்த வெயில்ல ஆள் அனுப்பி அவளைக் கூட்டாந்தீங்களே. ரொம்ப நன்றிங்க."

அப்படி இல்லை என்று யாருமே சொல்லவில்லை. வள்ளியம்மா சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் போகிற மனுஷர் ஊரில் தனக்கு ஒரு நல்லது நடந்ததாக நினைத்துக்கொண்டு போகட்டும் என்றிருந்தது. மில்காரர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தார்.

அவர்கள் இன்னும் சிறிது பேசினார்கள். வண்டி வந்துவிட்டது, வைக்கிறேன், பத்திரம் என்று சொல்லிவிட்டுத் தேவராஜ் போனார்.

டெஸ்ட் போனைப் பொதுமக்களிடம் கொடுத்ததற்காகக் கோதண்டம் அண்ணனுக்கு ஒரு மெமோ வந்தது. மிஸஸ் ஐரீனிடமும் விளக்கம் கேட்டார்கள். என்ன எழுதிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்கிற ஆள் இல்லை அவர்.

4. மறுநாள்

மறுநாள் முற்பகல், அதே பம்பாய். "தாம்பரம், மாடம்பாக்கம் பி.பி." என்றாள். அதே ஆள்தான், ஆனால் முந்தின நாள் இருந்த வேகம் குரலில் இல்லை. யார் பேசுவது என்று கேட்டேன். மேஸ்திரி என்றாள். தேவராஜ் பேசவில்லை.

மில்காரர் நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். வள்ளியம்மாவுக்கு என்றேன்.

"ஹோல்ட் பண்ணும்மா. நானே போறேன்" என்றார்.

செருப்புச் சத்தம் கேட்டது, கேட் திறப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வரும் சத்தம். வேலியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது. எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியாது. அதற்காக அவரை நல்லவர் என்று எழுத நான் தயாராக இல்லை. முந்தின நாளும் அவரிடம் அதே கால்கள் இருந்தன.

வள்ளியம்மா ரிசீவரை வாங்கினாள். மேஸ்திரி தெலுங்கில், தெரிந்த ஓரிரு தமிழ் வார்த்தைகளைக் கலந்து பேச ஆரம்பித்தார். முதல் வாக்கியத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. நான் கீயை மூடினேன். அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை, தெம்பும் இல்லை.

கார்டுகளுக்கும் தனி விளக்கு உண்டு; பேசி முடித்து ஒரு பக்கம் போனை வைத்தால் அந்தப் பக்கத்து விளக்கு எரியும். சற்று நேரத்தில் பம்பாய் விளக்கு எரிந்தது. மாடம்பாக்கத்து விளக்கு எரியவில்லை. அவள் இன்னும் வைக்கவில்லை. கால் முடிந்துவிட்டால் கார்டைப் பிடுங்கிவிட வேண்டும், அதுதான் வேலை. என் கை கார்டு வரைக்கும் போனது. பிடுங்க மனசு வரவில்லை. கீயைத் திறந்தேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"வள்ளியம்மா" என்றேன்.

"அவரு லைன்ல கீறாரா?"

"இல்லம்மா. பம்பாய்ல வெச்சிட்டாங்க. நான் தாம்பரம் ஆபரேட்டர்."

"நேத்து நான் வர்ற வரிக்கும் அவராண்ட பேசிக்கினு இருந்தது நீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"இன்னா பேசுனாரு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. முந்தின நாள் நான் பேசியது அவரை லைனில் வைத்திருப்பதற்காக. அதையெல்லாம் யாராவது திருப்பிக் கேட்பார்கள் என்று நினைத்தா பேசினேன்? ஆனால் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது. சொன்னேன். ஊரில் வெயில் எப்படி என்று கேட்டார் என்றேன். மாடம்பாக்கம் பஸ் இன்றைக்கும் லேட் என்று நான் சொன்னதற்கு, அது என்றைக்கு நேரத்துக்கு வந்தது என்று சிரித்தார், சிரித்தால் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார் என்றேன். வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், மழைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்றார். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்" என்றாள்.

"அப்புறம் நீங்க வர்றதைப் பத்திச் சொன்னாரு" என்றேன். "சேதி கேட்டதும் ஓடியாருவா, கால்ல செருப்புகூட போட மாட்டா, ரோடு கொதிக்குமே அப்படின்னாரு."

பின்னால் மில்காரர் வீட்டில் அன்றைக்கு ரேடியோ பாடவில்லை.

"போடலதான்" என்றாள் வள்ளியம்மா.

அதன் பிறகு அவள் அழுதாள். நான் லைனில் இருந்தேன். மற்ற விளக்குகள் எரிந்தன, அணைந்தன. யார் எடுத்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவளாகப் போனை வைத்த பிறகுதான் கார்டை எடுத்தேன்.

இந்த வேலை இப்போது வேறு உருவத்தில் நடக்கிறது. நாவலூர் பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில், கால் சென்டர்களில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதினேன். நீங்கள் ஹோல்ட் என்று சொன்னவுடன் பாட்டு தானாகவே ஓடுகிறது, எனக்கும் கேட்டிருக்கிறது. ஓடட்டும். ஆனால் பாட்டுக்குப் பின்னால் நீங்கள் இருங்கள். காத்திருப்பவர் அந்த நேரத்தில் ஏதாவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அதைக் கேட்டவர் உலகத்தில் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கலாம், அது வேண்டும் என்று ஒருவர் உங்களிடம் வந்து கேட்கலாம்.